டைகர் டாங்கி: பலமும் பலவீனமும் ஒரே எடையில்

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் டைகர், கிங் டைகர் டாங்கிகளைக் கண்டாலே எதிரிப் படைகள் நடுங்கின என்கிறார்கள். அவ்வளவு வலிமையானவை என்றால் அவற்றால் ஏன் போரின் போக்கை மாற்ற முடியவில்லை? அவற்றின் உண்மையான பலம் என்ன, பலவீனம் என்ன?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைகரின் பலம் என்று எதையெல்லாம் சொல்கிறோமோ, அது ஒவ்வொன்றுக்கும் விலை எடையாகக் கொடுக்கப்பட்டது. அந்த எடையைச் சுமக்க வேண்டியிருந்தவை கியர்பாக்ஸும் பாலங்களும் சேற்று நிலமும் இழுவை வண்டிகளும் பெட்ரோல் லாரிகளும். எதிரியின் குண்டுக்கு ஏறக்குறைய இணையாக இவையும் டைகர்களைப் பலி வாங்கின.

நான் குவாரிகளில் ஓடும் எக்ஸ்கவேட்டர், புல்டோசர் பராமரிப்பில் இருபது வருடம் வேலை பார்த்தவன். ஒரு டாங்கியைப் பார்த்தால் என் கண் முதலில் பீரங்கிக்குப் போகாது, சக்கரமும் சங்கிலியும் இருக்கும் அடிப்பகுதியான அண்டர்கேரேஜுக்குத்தான் போகும். அந்தக் கோணத்தில்தான் இதைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன்.

முதலில் இது பிறந்த கதை. 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் யூனியனுக்குள் புகுந்த சில நாட்களிலேயே, லிதுவேனியாவில் ரசேனியாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சோவியத் கேவி டாங்கி சாலையை மறித்துக்கொண்டு நின்றது. ஜெர்மனியின் 6வது பான்சர் (டாங்கி) டிவிஷனின் முன்னணிப் படைக்குச் சாமான் போகும் வழி அதுதான். 50 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகள் அதன் மேல் பட்டுத் தெறித்தன. இரவில் பொறியாளர்கள் ஊர்ந்து போய் வெடிவைத்தும் பலனில்லை. கடைசியில் மற்ற டாங்கிகளைக் காட்டி அதன் கவனத்தைத் திருப்பி, பின்பக்கமாக 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கியைக் கொண்டுவந்து சுட்டுத்தான் அடக்க முடிந்தது. கனமான டாங்கி வேண்டும் என்ற யோசனை ஜெர்மானியர்களுக்கு அதற்கு முன்பே இருந்தது. 1941 மே மாதமே ஹிட்லர் அதற்கான உத்தரவைப் போட்டிருந்தார். ஆனால் கேவியும் டி-34 என்ற இன்னொரு சோவியத் டாங்கியும் கொடுத்த அதிர்ச்சிதான் வேலையை அவசரப்படுத்தியது.

அந்த அவசரத்தைக் கவனியுங்கள். 1942 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாள். அன்றைக்குள் மாதிரி வண்டி ராஸ்டன்பர்க் தலைமையகத்தில் நிற்க வேண்டும் என்று கெடு. ஹென்ஷெல் நிறுவனமும் ஃபெர்டினாண்ட் போர்ஷேயும் ஆளுக்கொரு வண்டியோடு வந்தார்கள். போர்ஷேயின் வண்டியில் பெட்ரோல் என்ஜின்கள் ஜெனரேட்டரை ஓட்டும், அந்த மின்சாரத்தில் மோட்டார்கள் டிராக்கை, அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையை, சுழற்றும். யோசனை அழகானது. ஆனால் போர்க்காலத்தில் கிடைக்காத தாமிரத்தை ஏராளமாகக் கேட்டது, அடிக்கடி பழுதானது. ஹென்ஷெல்தான் தேர்வானது. காஸல் நகரத் தொழிற்சாலையில் ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கிவிட்டது. மாதிரிக்கும் உற்பத்திக்கும் நடுவே நாலே மாதம். ஒரு கனரக இயந்திரத்தின் குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு அது எவ்வளவு குறைவான காலம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, பலத்துக்கு வருவோம். இதில் கஞ்சத்தனமாகப் பேசக் கூடாது, ஏனென்றால் அந்தப் பலம் உண்மையானது.

ரசேனியாயில் கேவியை அடக்கிய அதே 88 மில்லிமீட்டர் வகைப் பீரங்கியை டைகருக்குள் வைத்தார்கள். ஆயிரம் மீட்டர் தூரத்தில், 30 டிகிரி சாய்ந்திருக்கும் 100 மில்லிமீட்டர் எஃகை அது துளைக்கும். 1943ன் தொடக்கத்தில் சோவியத்திடமோ பிரிட்டனிடமோ அமெரிக்காவிடமோ பெரும் எண்ணிக்கையில் ஓடிய எந்த டாங்கியும் இதைத் தாங்காது. 92 குண்டுகள் உள்ளே ஏற்றலாம். குறிபார்க்கும் தொலைநோக்கி மிகத் தெளிவானது. பரந்த உக்ரைன் சமவெளியில் இரண்டாயிரம் மீட்டர் தூரத்தில் இருக்கும் எதிரியைக் குறிவைக்க முடிவதும், அந்தத் தூரத்திலிருந்து எதிரியால் திருப்பி அடிக்க முடியாமல் இருப்பதும் சேர்ந்தால், அது சண்டையே இல்லை, வேட்டை.

கவசம் முன்பக்கம் 100 மில்லிமீட்டர், மேல் பக்கவாட்டிலும் பின்னாலும் 80. தகடுகள் பெரும்பாலும் நேர்க்குத்தாகத்தான் நின்றன. டி-34ன் சாய்வுக் கவசத்தைப் பார்த்த பிறகும் ஏன் இப்படி என்று பலர் கேட்பார்கள். டைகரின் வடிவமைப்பு அதற்கு முந்தைய சிந்தனையின் தொடர்ச்சி என்பதுதான் காரணம். ஆனாலும் அந்தத் தடிமனே போதுமானதாக இருந்தது. லெனின்கிராட் பக்கம் பிடிபட்ட ஒரு டைகரை 1943ல் சோவியத் பொறியாளர்கள் சோதித்தபோது, டி-34ன் 76 மில்லிமீட்டர் பீரங்கியால் 200 மீட்டரிலிருந்துகூட அதன் 80 மில்லிமீட்டர் பக்கத் தகட்டைத் துளைக்க முடியவில்லை. முன்பக்கத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

1943 பிப்ரவரியில் ரோஸ்டோவ் பக்கம் 503வது கனரக பான்சர் பட்டாலியனின் ஒரு டைகர் வாங்கிய அடியை அந்தப் பட்டாலியன் அறிக்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியால் 227 அடி, அதோடு பீரங்கிக் குண்டுகள் 25. கவசத்தின் வெல்டிங் சில இடங்களில் விட்டுப்போயிருந்தது, சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் கைகளும் நொறுங்கியிருந்தன. ஆனால் உள்ளே இருந்த ஐந்து பேரும் உயிரோடு இருந்தார்கள். வண்டி தன் சொந்த பலத்திலேயே இன்னும் 60 கிலோமீட்டர் ஓடியது. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த வண்டியை வெல்டிங் செய்த தொழிலாளியை நினைத்துக்கொள்வேன்.

ஓட்டுவதற்கும் இது எளிது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். அந்தக் கால டாங்கிகளில் பெரும்பாலானவற்றை இரண்டு நெம்புகோல்களைப் பிடித்து மல்லுக்கட்டித்தான் திருப்ப வேண்டும். டைகரில் கார் போல ஸ்டீயரிங் வீல், ஹைட்ராலிக் உதவியோடு. முன்னோக்கி 8 கியர், கையால் லேசாகத் தேர்ந்தெடுத்தால் போதும். 57 டன் வண்டியை ஒரு இளைஞன் களைப்பில்லாமல் ஓட்டினான். டிராக்கின் அகலம் 725 மில்லிமீட்டர் என்பதால் எடை நன்றாகப் பரவியது. கடினமான தரையில் அது அசைவதைப் பார்த்தால் இவ்வளவு கனமான வண்டி என்று தோன்றாது.

அப்புறம் என்ன குறை?

முதல் களத்தையே பாருங்கள். 1942 ஆகஸ்ட் 29, லெனின்கிராட் அருகே ம்கா ரயில் நிலையம். 502வது பட்டாலியனின் நாலு டைகர்கள் ரயிலிலிருந்து இறங்கி நேராகச் சண்டைக்குப் போயின. அன்றைக்கே கியர்பாக்ஸ், என்ஜின் பழுதுகளால் சில நின்றுவிட்டன. செப்டம்பரில் மறுபடி முயன்றபோது சதுப்பு நிலத்தில் மாட்டின. அதில் ஒன்றை மீட்கவே முடியாமல் பிற்பாடு வெடிவைத்துத் தகர்த்தார்கள். அடுத்த ஜனவரியில் அதே பகுதியில் இன்னொன்று முழுசாகவே சோவியத் கையில் சிக்கியது. மேலே சொன்ன சோதனைக்கு வழி திறந்தது அப்படித்தான். ரகசிய ஆயுதத்தை, அதுவும் வெறும் நாலு வண்டியை, காட்டும் சதுப்பும் நிறைந்த இடத்தில் இறக்கியது டாங்கியின் தவறு இல்லை, மேலே உட்கார்ந்து உத்தரவு போட்டவர்களின் தவறு. ஆனால் வண்டியின் சுபாவம் என்ன என்பதை அந்தச் சதுப்பு முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டது.

57 டன் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு ஜெர்மன் படையின் முதுகெலும்பாக இருந்த பான்சர் 4 சுமார் 25 டன். டி-34 முப்பதுக்குள். அமெரிக்க ஷெர்மன் முப்பதைச் சற்றுத் தாண்டும். கிழக்கு ஐரோப்பாவின் கிராமப்புறப் பாலங்கள் குதிரை வண்டிக்கும் லாரிக்கும் கட்டப்பட்டவை. பொறியாளர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் முதல் 495 டைகர்களில் நாலு மீட்டர் ஆழத் தண்ணீரில் மூழ்கியபடி ஆற்றின் அடியில் ஓடுவதற்கான மூச்சுக்குழாயும் ரப்பர் அடைப்புகளும் வைத்தார்கள். அற்புதமான பொறியியல்! ஆனால் பாலம் தாங்காது என்று தெரிந்தே அந்த எடையில் வண்டி செய்ததன் விளைவுதானே அது. செலவும் சிக்கலும் அதிகம் என்று பிறகு கைவிட்டார்கள்.

ரயிலில் ஏற்றுவதும் அப்படித்தான். சண்டை டிராக்கோடு இருந்தால் வண்டி ரயில் பாதையின் அகல எல்லைக்குள் அடங்காது. ஒவ்வொரு முறையும் அகல டிராக்கைக் கழற்றி, வெளிப்பக்கச் சக்கரங்களைக் கழற்றி, 520 மில்லிமீட்டர் குறுகிய டிராக்கை மாட்டி ஏற்ற வேண்டும். இறங்கும் இடத்தில் எல்லாவற்றையும் திரும்ப மாற்ற வேண்டும். ஒரு சாதாரண எக்ஸ்கவேட்டருக்கு டிராக் செயின் மாற்றுவதே எங்களுக்கு அரை நாள் வேலை, அதுவும் கிரேன் துணையோடு. இவர்கள் பனியிலும் சேற்றிலும், சில சமயம் குண்டு விழும் தூரத்திலும் கையால் செய்தார்கள்.

சக்கர அமைப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியின் குணம் முழுவதும் அங்கேதான் தெரிகிறது. ஒரு பக்கத்துக்கு 8 அச்சு, ஒவ்வொன்றிலும் 3 சக்கரம், ஆக 24. இரண்டு பக்கமும் சேர்த்து 48. சீட்டுக்கட்டை விரித்தது போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, ஒன்றின் மேல் ஒன்று மூடிக்கொண்டு நிற்கும். காரணம் நியாயமானது. அவ்வளவு எடையைக் குறுகிய நீளத்தில் நிறையச் சக்கரங்களின் மேல் பரப்ப வேண்டும். அதனால் வண்டி மேடுபள்ளத்தில் மெத்தை போலப் போகும், சுடுவதற்கும் வசதி. ஆனால் உள்வரிசையில் ஒரு சக்கரத்தின் ரப்பர் பிய்ந்தால், அதை எடுக்க வெளியே இருக்கும் ஏழெட்டுச் சக்கரங்களை முதலில் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் இரவு நிறுத்திவைத்த வண்டியின் சக்கர இடுக்குகளில் சேறு உறைந்து கல்லாகிவிடும். காலையில் வண்டி நகராது. டாங்கிப் படையினர் தீ ஊதும் விளக்கை வைத்து அதை உருக்கினார்கள். 1944ல் ரப்பரை உள்ளே வைத்த எஃகு விளிம்புச் சக்கரங்களுக்கு மாறியதும் எண்ணிக்கை குறைந்து வேலை சற்று எளிதானது. அதற்குள் டைகர் உற்பத்தியின் கடைசிக் காலம் வந்துவிட்டது.

என்ஜின் பின்னால், கியர்பாக்ஸ் முன்னால். கியர்பாக்ஸை வெளியே எடுக்க வேண்டுமானால், டரட் எனப்படும் சுழலும் தலைப்பகுதியைப் பீரங்கியோடு தூக்கி இறக்க வேண்டும். அதற்கென்று பெரிய நகரும் கிரேன் ஒவ்வொரு பட்டாலியனின் பட்டறைக் கம்பெனியிலும் இருக்க வேண்டியிருந்தது. மேபாக் என்ஜின் 700 குதிரைசக்தி தரும் என்பது காகிதக் கணக்கு. அந்த முழுச் சக்திக்கான வேகத்தில் சுழற்றினால் சூடாகி ஆயுள் குறைகிறது என்று 1943 இறுதியில் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்திவிட்டார்கள். 540 லிட்டர் பெட்ரோல் போட்டால் கரடுமுரடான நிலத்தில் சுமார் 100 கிலோமீட்டர்தான்.

வண்டி நின்றுவிட்டால் யார் இழுப்பது? ஜெர்மனியிடம் இருந்த பெரிய இழுவை வண்டி 18 டன் வகை அரைச்சங்கிலி வண்டி (முன்னால் சக்கரம், பின்னால் டிராக்). கெட்டித் தரையில் இரண்டு, சேற்றில் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால்தான் ஒரு டைகர் அசையும். ஒரு டைகரை இன்னொரு டைகர் இழுக்கக் கூடாது என்று கண்டிப்பான தடை இருந்தது, இழுக்கும் வண்டியின் கியர்பாக்ஸும் போய்விடும் என்பதால். ஆனால் எதிரி நெருங்கும்போது தோழர்களின் வண்டியை விட்டுவிட்டு வர மனசு வருமா? இழுத்தார்கள். இரண்டும் நின்றன. முன்னேறிப் போகும்போது பழுதான வண்டி உங்கள் பின்னால் இருக்கும், மெதுவாக மீட்டுக்கொள்ளலாம். பின்வாங்கும்போது பழுதான வண்டி எதிரியின் சொத்து. 1943 கோடைக்குப் பிறகு ஜெர்மன் படை பெரும்பாலும் பின்வாங்கிக்கொண்டேதான் இருந்தது. உள்ளே வெடிவைத்துவிட்டு நடந்து போவதைத் தவிர வேறு வழியில்லாத நிலைமை அப்படித்தான் திரும்பத் திரும்ப வந்தது. துனிசியாவில் 1943 பிப்ரவரி கடைசியில், பேஜா நகரை நோக்கிய தாக்குதலில் கண்ணிவெடியில் சிக்கி நின்ற டைகர்களுக்கும் இதே கதிதான்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். டைகர் என்றாலே எப்போதும் பழுதாகிக் கிடக்கும் வண்டி என்று இப்போது பலர் பேசுகிறார்கள். அது தப்பு. 1944, 45 காலத்தின் தயார்நிலைக் கணக்குகளைப் பார்த்தால், எத்தனை சதவீத வண்டிகள் ஓடும் நிலையில் இருந்தன என்பதில் டைகர் ஏறக்குறைய பான்சர் 4க்குச் சமமாகவே இருந்தது. கிழக்கு முனையில் பாந்தர் என்ற இன்னொரு ஜெர்மன் டாங்கியைவிட மேல். ஃபைனல் டிரைவ், அதாவது டிராக்கைச் சுழற்றும் சக்கரத்துக்குச் சக்தியைக் கடத்தும் கடைசி கியர் அமைப்பு, விஷயத்தில் பாந்தர்தான் மோசம். போருக்குப் பிறகு பாந்தர்களை ஓட்டிய பிரெஞ்சுக்காரர்கள், ஃபைனல் டிரைவின் சராசரி ஆயுள் 150 கிலோமீட்டர் என்று எழுதிவைத்தார்கள். ஆனால் டைகர் அந்தத் தயார்நிலையை எட்டியது எப்படி? ஒவ்வொரு டைகர் பட்டாலியனுக்கும் 45 டாங்கி, அந்த 45க்காக ஒரு முழுப் பட்டறைக் கம்பெனி, தேர்ந்த மெக்கானிக்குகள், கிரேன், உதிரிபாகத்தில் முன்னுரிமை. இவை இருந்தபோது ஓடியது. இவை பின்தங்கியபோது, அதாவது நீண்ட தூரம் தன் டிராக்கிலேயே ஓடவேண்டி வந்தபோது, சில நாட்களில் பட்டாலியனே கரைந்தது. எண்ணிக்கை காட்டுவதற்காகப் புது வண்டிகளைச் செய்வதில்தான் மேலிடத்துக்கு ஆர்வம், உதிரி என்ஜினும் கியர்பாக்ஸும் போதுமான அளவு செய்யவில்லை. பராமரிப்பில் இருந்தவனாக எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் வலிக்கும் இடம் இதுதான். உதிரிபாகத்தைச் சேமிப்பு என்று நினைத்து வெட்டும் நிர்வாகத்தை எந்த இயந்திரத்தாலும் காப்பாற்ற முடியாது.

போர்க்களத்தில் இந்தப் பலமும் பலவீனமும் எப்படி மாறி மாறி வெளிப்பட்டன என்பதற்கு பிரான்ஸின் நார்மண்டியில் இரண்டு நாட்கள் போதும். 1944 ஜூன் 13, வில்லேர்-போகாஜ். ஜெர்மன் டாங்கித் தளபதி மைக்கேல் விட்மன் தன் டைகரில் பிரிட்டிஷ் 7வது கவச டிவிஷனின் முன்னணிப் படைக்குள் புகுந்து, சில நிமிடங்களில் வரிசையாக நின்ற டாங்கிகளையும் வண்டிகளையும் நொறுக்கினார். இதை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, அதே காலையில் ஒரு சாதாரண டாங்கி எதிர்ப்புப் பீரங்கி அவருடைய டைகரின் ஓட்டத்தை முடக்கியது, அவர் வண்டியை விட்டுவிட்டுக் கால்நடையாகத் தப்பினார் என்பது. பிற்பகலில் அந்த ஊரின் குறுகிய தெருக்களுக்குள் துணைக் காலாட்படை போதாமல் நுழைந்த வேறு டைகர்கள் பக்கவாட்டிலிருந்து அடிவாங்கி எரிந்தன. ஆகஸ்ட் 8 அன்று சேந்தெஞ்ஞான் பக்கம் திறந்த வயல்வெளியில் ஏழு டைகர்களோடு விட்மன் முன்னேறியபோது, மரங்களுக்குள் மறைந்திருந்த ஷெர்மன் ஃபயர்ஃப்ளை டாங்கிகள் (பிரிட்டனின் பெரிய 17 பவுண்டர் பீரங்கி பொருத்திய ஷெர்மன்கள்) பக்கவாட்டில் சுட்டன. அந்தப் பீரங்கிக்கு 80 மில்லிமீட்டர் தகடு பெரிய தடையில்லை. விட்மனும் அவருடைய குழுவும் அங்கேயே இறந்தார்கள். 1943ல் தொட முடியாததாக இருந்த கவசம் ஒரே வருடத்தில் வயதாகிவிட்டிருந்தது. கிழக்கில் 85 மில்லிமீட்டர் பீரங்கி வைத்த டி-34-85ம், 122 மில்லிமீட்டர் பீரங்கியோடு ஐஎஸ்-2 என்ற சோவியத் கனரக டாங்கியும் வந்துவிட்டன. விட்மன் போன்றவர்களைச் சிலர் இன்று நாயகர்களாகக் கொண்டாடுவதை நான் ஏற்கவில்லை. அவர் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்எஸ்ஸின் அதிகாரி. காஸலில் இந்த டாங்கிகளைச் செய்த ஹென்ஷெல் ஆலைகளில் பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எஃகின் தடிமனைப் பேசும்போது அதையும் பேச வேண்டும்.

கிங் டைகர் எனப்படும் டைகர் 2 இந்தப் பாதையின் அடுத்த படி. நீண்ட குழாயுள்ள புதிய 88 மில்லிமீட்டர் பீரங்கி, ஆயிரம் மீட்டரில் 165 மில்லிமீட்டர் வரை துளைக்கும். முன்கவசம் 150 மில்லிமீட்டர், இந்த முறை நன்றாகச் சாய்த்து வைத்தது. நேருக்கு நேர் நின்றால் அதை வெல்ல அன்றைக்கு அநேகமாக எதுவும் இல்லை. ஆனால் எடை 70 டன்னைத் தொட்டது. என்ஜின் அதே 700 குதிரைசக்தி மேபாக். 45 டன் பாந்தருக்குக் கொடுத்த அதே என்ஜின்! இதைப் படித்த நாளில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இருபது டன் இயந்திரத்துக்கு அளவாக இருக்கும் என்ஜினை முப்பது டன் இயந்திரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று என் அனுபவத்துக்குத் தெரியும். என்ஜின் மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு கியரும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்யும்.

அப்படியேதான் ஆனது. 1944 ஆகஸ்டில் போலந்தில் சோவியத் படை ஆற்றைக் கடந்து பிடித்துவைத்திருந்த சான்டோமியெர்ஸ் பாலமுனைக்கு எதிராக 501வது பட்டாலியனின் கிங் டைகர்கள் அனுப்பப்பட்டன. ரயிலிலிருந்து இறங்கி சில பத்துக் கிலோமீட்டர் சாலையில் வந்ததற்கே பெரும்பாலானவை ஃபைனல் டிரைவ் உடைந்து நின்றன. மிஞ்சிய கொஞ்சம் வண்டிகள் ஒக்லெண்டூவ் கிராமத்துக்கு வெளியே மணல் பாங்கான நிலத்தில் வரிசையாக வந்தபோது, வைக்கோல் போருக்குள் மறைந்து நின்ற அலெக்சாண்டர் ஓஸ்கினின் டி-34-85 பக்கவாட்டில் சுட்டு மூன்றைச் சாய்த்தது. முன்பக்கம் அசைக்க முடியாத வண்டி, பக்கவாட்டில் 80 மில்லிமீட்டர்தான். பக்கத்துக்கும் 150 வைக்கலாமே என்றால் வண்டி நகராது.

டிசம்பர் 1944, மேற்கு முனையில் ஜெர்மனி நடத்திய ஆர்டென் மலைக்காட்டுத் தாக்குதல். எஸ்எஸ் அதிகாரி யோவாகிம் பைப்பரின் படைப்பிரிவுக்குக் கிங் டைகர்கள் இணைக்கப்பட்டிருந்தன. அவர் அவற்றை வரிசையின் கடைசியில் வைத்தார். குறுகிய மலைப்பாதையும் சின்னப் பாலங்களும் உள்ள வழியில் வேகமாக மியூஸ் ஆற்றுக்குப் போக வேண்டிய படைக்கு அவை முன்னால் நின்றால் தடைதான். தாக்குதலின் மிக வலிமையான ஆயுதம் தாக்குதலின் வாலில் வந்தது. மால்மெடி அருகே கைதான அமெரிக்க வீரர்களைச் சுட்டுக் கொன்றதும் இதே படைப்பிரிவுதான். கடைசியில் பெட்ரோல் தீர்ந்து, லா கிளேஸ் கிராமத்தில் மாட்டி, டிசம்பர் 24 அதிகாலையில் எஞ்சிய சுமார் 800 பேர் வண்டிகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டு வழியே நடந்து போனார்கள். 213 என்ற எண் கொண்ட கிங் டைகர் இன்றும் அந்தக் கிராமத்து அருங்காட்சியகத்தின் முன்னால் நிற்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். போட்டியில் தோற்ற போர்ஷேயின் சுமார் 90 அடிச்சட்டங்களை வீணாக்காமல் 200 மில்லிமீட்டர் முன்கவசத்தோடு ஃபெர்டினாண்ட் என்ற டாங்கி அழிப்பு வண்டியாக்கினார்கள். பீரங்கி அபாரம். ஆனால் 1943 ஜூலையில் குர்ஸ்கில் அதற்கு இயந்திரத் துப்பாக்கியே இல்லை, அருகில் வரும் காலாட்படையை விரட்ட வழியில்லை. கண்ணிவெடிகள் நிறைய வண்டிகளின் டிராக்கைப் பிய்த்தன. யாக்ட்டைகர் என்ற டாங்கி அழிப்பு வண்டி 70 டன்னைத் தாண்டியது, 128 மில்லிமீட்டர் பீரங்கி, நூறுகூடச் செய்யவில்லை. மௌஸ் என்ற ராட்சத டாங்கி 188 டன், இரண்டே மாதிரிகள். எந்தப் பாலமும் தாங்காத வண்டிக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

இனி எண்ணிக்கை. டைகர் 1,347, கிங் டைகர் 489. இரண்டும் சேர்த்து 1,900ஐத் தொடவில்லை. ஷெர்மன் மட்டும் ஏறக்குறைய 49,000. டி-34 ஐம்பதாயிரத்துக்கு மேல். அன்றைய ஜெர்மன் விலைப்பட்டியலில் டைகர் 2,50,800 மார்க், பான்சர் 4 சுமார் 1,03,000, டரட் இல்லாத ஷ்டுக் 3 வண்டி 82,500. அப்படியானால் டைகருக்குப் பதில் மூன்று மடங்கு ஷ்டுக் செய்திருக்கலாமே என்று உடனே சொல்லத் தோன்றும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வாதாடினேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். மூன்று வண்டிக்கு மூன்று குழு பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், மூன்று வண்டிக்கு எரிபொருள் வேண்டும். 1944 மே முதல் செயற்கைப் பெட்ரோல் ஆலைகள் மேல் குண்டு விழ ஆரம்பித்தது, ஆகஸ்டில் ருமேனியாவின் பிளோயெஸ்டி எண்ணெயும் கைவிட்டுப் போனது. ஆளும் எண்ணெயும் இல்லாத நாடு எண்ணிக்கையில் ரஷ்யாவையும் அமெரிக்காவையும் எந்த வழியிலும் பிடித்திருக்க முடியாது. கொஞ்சம் வண்டி, ஒவ்வொன்றும் மிக வலிமையாக என்ற முடிவுக்கு அந்த நிலைமையில் ஒரு தர்க்கம் இருந்தது. ஆனால் அந்த வழியை எடுத்தவர்கள் கிரேனையும் இழுவை வண்டியையும் உதிரிபாகத்தையும் டாங்கிக்குச் சமமாகச் செய்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. பத்து டைகருக்கு ஆன எஃகில் எட்டு டைகரும் மீட்பு வண்டிகளும் செய்திருந்தால் களத்தில் ஓடிக்கொண்டிருந்தவை அதிகமாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

எதிரிகள் நடுங்கினார்களா என்றால், ஆம். நார்மண்டியில் டைகர் பட்டாலியன்கள் மூன்றுதான், அவையும் பெரும்பாலும் கான் நகரைச் சுற்றி பிரிட்டிஷ், கனடியப் படைகளுக்கு எதிரே. அமெரிக்கர்கள் எதிர்கொண்டது மிகச் சில. ஆனாலும் பக்கத் தகடுகள் மாட்டிய பான்சர் 4ஐத் தூரத்தில் பார்த்தவர்கள் டைகர் என்றே அறிக்கை எழுதினார்கள். அந்தப் பயம் எதிரியை நிதானமாக, எச்சரிக்கையாக நகர வைத்தது. அதுவும் ஒரு பலம்தான், எந்தக் கணக்கிலும் வராத பலம். மறுபக்கம், டைகர் பட்டாலியன்கள் அழித்ததாகச் சொன்ன டாங்கிகளின் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். ஜெர்மன் ராணுவ உளவுத்துறையே கிழக்கு முனைக் கணக்குகளைப் பாதியாக வெட்டித்தான் எடுத்துக்கொண்டது.

நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். உலகில் ஓடும் நிலையில் இருக்கும் ஒரே டைகர் 1 அங்கேதான் இருக்கிறது, எண் 131. 1943 ஏப்ரலில் துனிசியாவில் சர்ச்சில் டாங்கி ஒன்று சுட்ட சின்னக் குண்டு, பீரங்கிக் குழாயில் பட்டு வழுக்கி, டரட்டுக்கும் உடலுக்கும் இடையிலான வளையத்தில் சிக்கிக்கொண்டது. டரட் திரும்பவில்லை, குழு இறங்கி ஓடிவிட்டது. மற்றபடி கவசம் முழுசாக இருந்தது. அதன் முன்னால் நின்று எல்லோரும் பீரங்கியைத்தான் படம் எடுப்பார்கள். நீங்கள் பக்கவாட்டில் போய்க் குனிந்து அந்தச் சக்கரங்களை எண்ணுங்கள். உள்வரிசையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைக் கழற்ற எவற்றையெல்லாம் முதலில் எடுக்க வேண்டும் என்று விரலால் தொடர்ந்து பாருங்கள்.